ஐந்தாம் நிலையில் இறங்கிவிடலாமா?

"அண்ணே, ரேஞ்சர் அஞ்சு லெவல் வரைக்கும்தான் நல்லது. அதுக்கப்புறம் இறங்கிடணும். எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

விடுதியில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் முதலாமாண்டுத் தம்பி, தேர்வு முடிந்த இரவொன்றில் சொன்ன வார்த்தைகள் இவை. அவன் மடிக்கணினியில் 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டைத் திறந்து, தனக்கென ஒரு புதிய கதாபாத்திரத்தை உருவாக்கிக்கொண்டிருந்தான். மேசையில் மெகி மீ ஆறிக்கொண்டிருந்தது. நான் அவன் தோளுக்குப் பின்னால் நின்று, கேட்காத ஆலோசனைகளை வழங்கிக்கொண்டிருந்தேன்.

அவன் அப்படிச் சொன்னதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அரைமணி நேரம் வாதாடினேன். ஒரு கணினி விளையாட்டுக்காகவா இவ்வளவு கோபம் என்று அவன் திகைத்துப் போனான். படுக்கையில் சாய்ந்த பிறகுதான் எனக்கே காரணம் விளங்கியது. ஏறக்குறைய இதே சொற்களை, இதே தொனியில், நான் பள்ளி மாணவனாக இருந்தபோது கேட்டிருக்கிறேன். "ஆறு வருஷம் தமிழ் படிச்சாச்சு, போதும். இனிமே மற்ற பாடத்தைப் பாரு. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

சொன்னவர்கள் என் நன்மையை விரும்பியே சொன்னார்கள். நானும் அதை ஏற்று நடந்தவன்தான். ஆகவே இந்தக் கட்டுரையில் நான் யார்மீதும் குற்றம் சுமத்தப் போவதில்லை. ஐந்தாம் நிலையில் இறங்குவது சரியா என்ற ஒரே ஒரு கேள்வியைத்தான் ஆராயப் போகிறேன். ஆண்டு மலரில் கணினி விளையாட்டா என்று கேட்கும் மூத்தோர் சற்றே பொறுத்தருள வேண்டுகிறேன்.

யார் இந்த ரேஞ்சர்?

விளையாடாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த, மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி விளையாடும் கற்பனைக் கதை விளையாட்டு. அதன் விதிகளைத் தழுவிக் கணினிக்காக உருவானதுதான் பால்டர்ஸ் கேட் வரிசை. முதல் விளையாட்டு 1998இல் வந்தது. மூன்றாவது 2023 ஆகஸ்டில், பெல்ஜியத்தைச் சேர்ந்த லேரியன் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. அந்நிறுவனத்தின் கிளைகளுள் ஒன்று நம் கோலாலம்பூரில் இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி.

விளையாட்டில் 12 துறைகள் உண்டு. ஆங்கிலத்தில் இதைக் 'கிளாஸ்' என்பார்கள். வகுப்பு என்று நேராக மொழிபெயர்த்தால் வாய்பாடு ஒப்பிக்கும் நினைவு வந்துவிடுகிறது, ஆகவே துறை என்றே சொல்கிறேன். போர்வீரர், மந்திரவாதி, திருடர் எனப் பல துறைகள். அவற்றுள் ஒன்று ரேஞ்சர். காடறிந்தவர், வில்லாளி, தடம் பார்ப்பவர், கொஞ்சம் மந்திரமும் கற்றவர்.

இந்தத் துறை பிறந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். முதல் வெளியீட்டில் ரேஞ்சர் இல்லை. 1975இல் 'தி ஸ்ட்ராடஜிக் ரிவியூ' என்ற சிறு இதழில் ஜோ ஃபிஷர் என்பவர் எழுதிய பக்கங்களில்தான் ரேஞ்சர் முதன்முதலாகத் தோன்றினார். பிறகு 1978இல் விதிநூலிலேயே இடம்பிடித்தார். சிறு இதழ்களில் எழுதுவதால் என்ன பயன் என்று நம் மலர்க் குழுவினர் எப்போதாவது சோர்ந்து போனால், இதை நினைத்துக்கொள்ளலாம்.

27 புள்ளிகள்

கதாபாத்திரத்தை உருவாக்கும்போது வலிமை, லாவகம், உடலுறுதி, அறிவு, பட்டறிவு, வசீகரம் என ஆறு பண்புகளுக்குப் புள்ளிகளைப் பங்கிட வேண்டும். ஒவ்வொன்றும் 8இல் தொடங்கும். நம் கையில் 27 புள்ளிகள். 13 வரை ஏற்ற, படிக்கு ஒரு புள்ளி. 14க்கும் 15க்கும் படிக்கு இரண்டிரண்டு புள்ளிகள். இறுதியாக ஒரு பண்புக்கு இரண்டும், மற்றொன்றுக்கு ஒன்றும் கூட்டிக்கொள்ளலாம்.

முதன்முறை விளையாடியபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாப் பண்புகளையும் 12க்கு ஏற்றினேன். மிஞ்சிய மூன்று புள்ளிகளை மூன்று பண்புகளுக்குப் பிரித்துக் கொடுத்தேன். எதிலும் குறை இருக்கக்கூடாது என்ற ஆசை. ஒன்றிலும் தோற்றுவிடக் கூடாது என்ற பயமும்தான். விளைவு? அம்பு எய்தால் படவில்லை. வாள் வீசினாலும் படவில்லை. பேசிப் பார்த்தால் எவனும் மசியவில்லை. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்பது பகடைக்கும் பொருந்துகிறது.

இப்போது கேட்டால் இப்படிச் சொல்வேன். லாவகத்தை 15க்கு ஏற்று, இரண்டு கூட்டி 17 ஆக்கு. பட்டறிவையும் 15க்கு ஏற்று, ஒன்று கூட்டி 16 ஆக்கு, கானகத்தின் மந்திரங்களுக்கு அதுதான் அடிப்படை. உடலுறுதி 14. வலிமை 10. அறிவும் வசீகரமும் எட்டிலேயே நிற்கட்டும். இருபது முகப் பகடையில் ஒவ்வொரு கூட்டல் ஒன்றும் ஐந்து விழுக்காட்டு வாய்ப்பு. இரண்டாம் நிலையில் வில்வித்தைப் பாணியைத் தேர்ந்தெடுத்தால் கூட்டல் இரண்டு, அதாவது பத்து விழுக்காடு. நான்காம் நிலையில் 'ஷார்ப்ஷூட்டர்' என்னும் கூர்வில்லாளி சிறப்புத் திறனை எடுத்தால், குறியில் ஐந்தைக் கழித்துக்கொண்டு சேதத்தில் பத்தைக் கூட்டலாம். அடிப்படைக் குறி நன்றாக இருப்பவனுக்குத்தான் அந்தப் பேரம் கட்டுப்படியாகும்.

முதல் நிலையில் இன்னும் இரண்டு தேர்வுகள் உண்டு. எத்தகைய எதிரியை நன்கறிந்தவன், எத்தகைய நிலத்தில் பழகியவன் என்பவை அவை. 'அர்பன் டிராக்கர்' என்னும் நகரத் தடம் அறிபவனை எடுத்தால் கைவேகம் கிடைக்கும். பூட்டுத் திறக்கத் திருடரைத் தேட வேண்டியதில்லை. 'ரேஞ்சர் நைட்' எடுத்தால் கனத்த கவசம் அணியலாம். புதியவர்களுக்கு நான் இந்த இரண்டையும் பரிந்துரைப்பேன்.

ஐந்தாம் நிலையில் ஏன் இறங்குகிறார்கள்?

தம்பியின் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். விளையாட்டின் உச்சவரம்பு 12 நிலைகள். அவற்றை ஒரே துறையில் செலவிட வேண்டிய கட்டாயம் இல்லை. ஐந்தாம் நிலையில் ரேஞ்சருக்கு ஒரே முறையில் இரண்டு தாக்குதல்கள் கிடைத்துவிடும். மூன்றாம் நிலையிலேயே 'குளூம் ஸ்டாக்கர்' என்னும் இருளில் பதுங்குபவரின் கிளையை எடுத்திருந்தால், சண்டையின் முதல் சுற்றில் மேலும் ஒரு தாக்குதல் உண்டு. இதற்குமேல் திருடர் துறையில் மூன்று நிலை ஏறினால் 'அசாசின்' கிளை. எதிர்பாராமல் சிக்கிய எதிரிமீது படும் ஒவ்வோர் அடியும் உச்ச அடி. மிச்சமுள்ள நான்கு நிலைகளைப் போர்வீரருக்குக் கொடுத்தால், இன்னொரு முறை செயல்படும் வாய்ப்பு. ஐந்தும் மூன்றும் நான்கும் பன்னிரண்டு. கணக்குக் கச்சிதம். எதிரி கண் திறப்பதற்குள் கதை முடிந்துவிடும்.

இதை மறுக்க என்னிடம் எண்கள் இல்லை. முதல் சுற்றுச் சேதத்தை மட்டும் அளந்தால், தம்பி சொல்வதே சரி.

ஆனால், முதல் சுற்றை மட்டுமே ஏன் அளக்க வேண்டும்? அதே துறையில் தொடர்ந்து நடப்பவனுக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். ஆறாம் நிலையிலும் பத்தாம் நிலையிலும் புதியதோர் எதிரியைப் பற்றிய அறிவும், புதியதொரு நிலத்தின் பழக்கமும் சேர்கின்றன. எட்டாம் நிலையில், மற்றவர் கால் இடறித் தடுமாறும் கரடுமுரடான தரையில் அவன் வேகம் குறையாமல் நடப்பான். ஒன்பதாம் நிலையில் மூன்றாம் தர மந்திரங்கள். பதினோராம் நிலையில், 'ஹன்டர்' என்னும் வேட்டுவர் கிளையை எடுத்தவனுக்கு அம்புமழை. ஓரிடத்தில் குழுமிய எதிரிகள் அனைவர்மீதும் ஒரே முறையில் எய்யலாம். இவை எதுவும் ஐந்தாம் நிலையில் நின்று பார்ப்பவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. படிப்படியாக, ஓசையில்லாமல் வருகின்றன. அதனால்தான் "அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல" என்று எளிதாகச் சொல்லிவிட முடிகிறது.

நான் இறங்கிய இடம்

இனி என் கதை. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்தேன். 2015இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு. மலாய்மொழித் தாளில் வேண்டிய தேர்ச்சி கிட்டவில்லை. ஆகவே அடுத்த ஆண்டு தேசிய இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்பு. என்னோடு தொடக்கப்பள்ளியில் படித்தவர்கள் படிவம் ஒன்றின் வரிசையில் நிற்க, நான் வேறொரு வரிசையில் நின்ற அந்த முதல் காலைப்பொழுது இன்னும் நினைவிருக்கிறது. அன்றே மனத்தில் ஓர் எண்ணம் விழுந்துவிட்டது. எதில் பலவீனமோ, எல்லாப் புள்ளிகளையும் இனி அங்கேதான் போட வேண்டும்.

பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தாய்மொழி வகுப்புக்கு வழியுண்டு என்பது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இருக்கிறது. எங்கள் பள்ளியில் எல்லாப் படிவங்களையும் கூட்டினால் அந்த எண்ணிக்கை தேறும். ஆனால் பெற்றோரைத் திரட்டுவார் இல்லை, ஆசிரியரும் இல்லை. சனிக்கிழமைகளில் வேறொரு பள்ளியில் நடந்த வகுப்புக்கு அப்பா மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார். இரவு வேலை முடித்து வந்த களைப்போடு வாசலில் காத்திருப்பார். படிவம் மூன்று வரை அப்படித்தான் போனது. 2019இல் பி.டி.3 தேர்வில் தமிழும் எழுதினேன்.

படிவம் நான்கில், 2020 மார்ச் 18இல், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. சனிக்கிழமை வகுப்பு நின்றது. மீண்டும் திறந்தபோது நான் போகவில்லை. கூடுதல் கணிதத்துக்கும் வேதியியலுக்கும் டியூஷன் இருந்தது. எஸ்.பி.எம். தேர்வில் தமிழை எடுக்கவில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. எந்த வாசலும் அடைபடவில்லை. நானாகத்தான் இறங்கினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "சனிக்கிழம இனி தூங்கலாம்" என்று மட்டும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று நான் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

விளையாட்டு சொல்லும் ஒரு பொய்

இதுவரை படித்தவர்கள், "ரேஞ்சரும் தமிழும் ஒன்றுதான் என்கிறான், அவ்வளவுதானே" என்று நினைத்திருக்கலாம். இல்லை. இரண்டும் ஓர் இடத்தில் அடியோடு வேறுபடுகின்றன. அந்த வேறுபாட்டைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

விளையாட்டில் கற்றது துருப்பிடிப்பதில்லை. ஐந்தாம் நிலையில் ரேஞ்சரை விட்டுவிட்டுத் திருடரிடம் போனாலும், அந்த ஐந்து நிலைகள் அப்படியே இருக்கும். பன்னிரண்டாம் நிலையிலும் அவன் குறி தவறாது. மொழி அப்படியில்லை. ஆறு ஆண்டுகள் கற்றது ஆறு ஆண்டுகளாகவே நிற்கும் என்று நம்பித்தான் நான் இறங்கினேன். அது ஐந்தானது, நான்கானது. தேய்வதை நான் உணரவே இல்லை.

உணர்ந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. முதலாமாண்டில் நம் பேரவையின் கூட்டமொன்றில், கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பு என் கைக்கு வந்தது. தமிழ்ப்பள்ளி மாணவன்தானே என்று கொடுத்தார்கள். தயங்காமல் வாங்கிக்கொண்டேன். ஒரு பக்கம் எழுத ஒன்றரை மணி நேரம் ஆனது. 'ஏற்பாட்டுக் குழு' என்பதை 'ஏர்பாட்டு குலு' என்று எழுதியிருந்தேன். செயலாளர் அக்கா ஒன்றும் சொல்லாமல், பென்சிலால் மெல்லத் திருத்தித் திரும்பக் கொடுத்தார். நான்காம் ஆண்டில் சொல்வதெழுதலில் முழுப் புள்ளி வாங்கியவன் நான். அடுத்த இரண்டு மாதங்கள் பேரவைப் பக்கமே போகவில்லை.

விளையாட்டில் விதர்ஸ் என்றொரு முதிய பாத்திரம் வருகிறது. அவரிடம் 100 பொற்காசு கொடுத்தால் போதும், புள்ளிகளையும் நிலைகளையும் திரும்பப் பெற்று, முதலிலிருந்து உருவாக்கிக்கொள்ளலாம். வாழ்க்கையில் அப்படி ஒருவர் இல்லை என்று சொல்வார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். திரும்பி வரும் வழி இருக்கிறது. கட்டணம்தான் வேறு. அங்கே பொற்காசு, இங்கே வெட்கம். பிழையோடு எழுதி, பிழையோடு வாய்விட்டுப் படித்து, பிறர் முன்னிலையில் திருத்தப்படும் வெட்கம். இருபது வயதுக்குமேல் அந்தக் கட்டணம் எளிதன்று. பலர் வாசல்வரை வந்து திரும்பிப் போவது அதனால்தான்.

கானவன்

என்னைத் திரும்ப அழைத்து வந்தது ஒரு சொல். இரண்டாமாண்டில் பேரவை நடத்திய இலக்கிய மாலை ஒன்றுக்கு நண்பனின் வற்புறுத்தலால் போனேன். பேசியவர் ஐந்திணைகளை விளக்கினார். ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று தொல்காப்பியம் கருப்பொருள்களை வகுத்திருப்பதைச் சொன்னார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காரணம், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014ஆம் ஆண்டு விதிநூலில், ரேஞ்சர் தனக்குப் பழகிய நிலத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் இருக்கிறது. காடு, மலை, கடற்கரை, பாலை, புல்வெளி, சதுப்புநிலம், பனிநிலம், பாதாளம். நம் ஐந்திணையில் மருதம் மட்டும்தான் அதில் இல்லை. அவர்களுக்கு நிலம் சண்டைக்கு உதவும் பழக்கம். நமக்கு அது வாழ்வும் காதலும் பிரிவும். அந்த ஆழத்தை நான் அன்றுதான் முதன்முதலாக எட்டிப் பார்த்தேன்.

குறிஞ்சி நில மக்களுக்கு உரிய பெயர்களைச் சொல்லும்போது, குறவர் என்றார், கானவர் என்றார். கானகத்தவர். ரேஞ்சருக்கு இரண்டாண்டுகளாக நான் தேடிக்கொண்டிருந்த சொல்! வனக்காவலர் என்றால் அரசாங்கச் சீருடை நினைவுக்கு வருகிறது. வேடன் என்றால் வேட்டை மட்டும்தான். கானவன் என்றால் காட்டில் வாழ்ந்து, காட்டை அறிந்தவன். எஸ்.பி.எம். வரை தமிழைத் தொடர்ந்திருந்தால் முன்பே கிடைத்திருக்குமோ என்னவோ. எனக்குக் கொஞ்சம் தாமதமாகக் கிடைத்தது.

அன்றிலிருந்து இந்த விளையாட்டைப் பற்றித் தமிழில் பேசப் பழகிக்கொண்டிருக்கிறேன். லாவகம், பட்டறிவு, கூர்வில்லாளி எல்லாம் இந்தக் கட்டுரைக்காக மட்டும் தேடிய சொற்கள் அல்ல. பன்னிரண்டு நிலையும் கானவனாகவே ஏறிய என் பாத்திரத்தைப் பற்றி, நண்பர்களிடம் பேசிப் பேசி இழைத்தவை.

பேரவைக்கு ஒரு விண்ணப்பம்

நண்பர்களே, நம் பேரவை விழாக்களில் பெரும்பாலும் இறங்காதவர்களைத்தான் மேடையில் பார்க்கிறோம். அவர்கள் நம் பெருமை. ஆனால் ஆறாம் ஆண்டோடு இறங்கியவர்கள் இந்த வளாகத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பொறியியல், கணக்கியல், கணினித் துறைகளில், வாட்சப் குழுவில் பேரவை அறிவிப்பைப் பார்த்துவிட்டு வாய்திறக்காமல் இருப்பவர்கள். அவர்களுக்குத் தமிழ்மீது பற்றில்லை என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். உண்மையில் பலர், கட்டணத்துக்கு அஞ்சி நிற்கிறார்கள்.

அந்தக் கட்டணத்தைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. மாதம் ஒரு மாலை போதும். அவரவர் உண்மையில் ஈடுபட்டிருக்கும் ஒன்றைப் பற்றி, பந்தாட்டமோ நிரலாக்கமோ கணினி விளையாட்டோ, பத்து நிமிடம் தமிழில் பேசட்டும். சொல் தெரியாவிட்டால் ஆங்கிலத்தில் சொல்லட்டும், கூட்டமாகச் சேர்ந்து தமிழ்ச்சொல் தேடுவோம். பிழையை மேடையில் திருத்த வேண்டாம். அந்த அக்காவைப் போல, பிறகு, பென்சிலால் திருத்துவோம்.

தம்பிக்கு என்ன ஆயிற்று என்கிறீர்களா? என் அரைமணி நேர வாதம் பலிக்கவில்லை. ஐந்தாம் நிலையில் இறங்கித் திருடராகிவிட்டான். முதல் சுற்றில் அவன் செய்யும் சேதத்தை என் கானவன் எட்டவே முடியவில்லை. அதைத் தினமும் நினைவூட்டுகிறான். அவனும் தமிழ்ப்பள்ளியில் படித்தவன், என்னைப் போலவே பாதியில் விட்டவன். இரண்டு வாரங்களுக்கு முன், அடுத்த பாத்திரத்துக்கான திட்டத்தைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தவன் திரும்பிக் கேட்டான்:

"அண்ணே, கானவனுக்கு ரெண்டு சுழி 'ன'வா, மூணு சுழி 'ண'வா?"

"ரெண்டு சுழிதான்" என்றேன். அவன் எழுத ஆரம்பித்ததும், சரிதானா என்று கைப்பேசியில் அகராதியைத் திறந்து பார்த்துக்கொண்டேன்.